பதினோராம் நம்பர் ஷூவும் தேங்காய் எண்ணெயும்

ஸ்வேட் தோல் சாமான் விற்கிறவளுக்கு, விற்று முடித்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. தோலின் உள்பக்கத்தை உரசி உரசி வெல்வெட் போல ஆக்கியிருப்பார்கள். அதற்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய் ஆகாது, பாலிஷ் ஆகவே ஆகாது. பட்டுச் சேலையும் கண்ணாடிச் சாமானும் விற்கிறவர்களே, உங்களுக்கு என் பாடு புரியும். திண்டுக்கல்லில் என் கணவர் விட்டுப்போன கடையில் நான் அதைத்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.

தடவினால் மாறும் நிறம்

வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், போன வாரம் வாங்கிய கைப்பையை என் முன்னால் தொப்பென்று போட்டார். "ஒரு பக்கம் கருப்பா இருக்கு, ஒரு பக்கம் வெளுப்பா இருக்கு. ரெண்டு தோல ஒட்டி ஏமாத்திட்டீங்க."

நான் உள்ளங்கையால் ஒரு தரம் மேல்நோக்கித் தடவினேன். மெல்லிய இழைகளெல்லாம் ஒரு பக்கமாய்ச் சாய, பை முழுக்க ஒரே நிறமாயிற்று. எதிர்ப்பக்கம் தடவினால் மறுபடி இருட்டு. காற்றில் நெல்வயல் நிறம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது அதிசயமில்லை. அவரும் இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்தார். கோபம் போய்விட்டது.

"ஏம்மா, எங்க வீட்டுக்காரரு மூஞ்சியையும் இப்படித் தடவுனா மாறுமா?"

குதிகாலில் கொஞ்சம் இறுக்கம்

அகரத்தில் சம்பங்கிப்பூத் தோட்டம் போட்டிருக்கும் முத்தையா, மகளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையை ஒட்டன்சத்திரத்திலிருந்து கூட்டி வந்தார். "நகை வேணாம், வண்டி வேணாம்னுட்டாருக்கா. ரொம்ப வற்புறுத்தவும், ஸ்வேட் ஷூ ஒண்ணு போதும்னாரு" என்று என் காதோடு சொன்னார்.

மாப்பிள்ளைக்குப் பெரிய கால். பதினோராம் நம்பரில், தேன் நிறத்தில், ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. போட்டு நாலு எட்டு நடந்தார். குதிகாலில் கடிக்கிறதா என்று கேட்டேன். மாமனாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "லேசாத்தானுங்க, பழகிருமுங்க" என்றார்.

சீர்த்தட்டில் வைப்பதற்காக ஷூவை முத்தையாதான் கொண்டுபோனார். "பச்சைப்பிள்ளை மாதிரிப் பார்த்துக்குங்க தம்பி" என்று வழக்கம்போல் அவரிடம் சொன்னேன். எண்ணெயைப் பற்றிச் சொல்லவில்லை.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதாக்கா?" என்றார்.

ஒன்று தேன், ஒன்று புளி

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில், கடை திறக்குமுன்பே முத்தையா படியில் நின்றார். பையிலிருந்து இடது ஷூ தேன் நிறத்தில் வந்தது. வலது ஷூ பழம்புளி நிறத்தில் வந்தது.

புதுச் செருப்பு கடிக்காமலிருக்க எண்ணெய் தடவி வைப்பது நம் பக்கத்து வழக்கம்தானே. மாப்பிள்ளை குதிகால் ஞாபகத்தில் இவரும் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார். ஒன்றை முடித்த பிறகுதான் நிறம் கண்ணில் பட்டிருக்கிறது.

"ஸ்வேடுக்கு யாராவது எண்ணெய் தேய்ப்பாங்களா தம்பி?"

"பச்சப்புள்ள மாதிரின்னு நீங்கதானக்கா சொன்னீக. பச்சப்புள்ளைக்கு எண்ணெய் தேய்க்க மாட்டாகளா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"அந்தப் புள்ள ஆசைப்பட்டுக் கேட்டதே இது ஒண்ணுதான். இதையும் கெடுத்துட்டு நான் எப்படிக்கா சபையில நிக்க?"

அதே கை

மைதாவையும் முகப்பவுடரையும் வலது ஷூமேல் கொட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் மூடி வைத்தேன். பாதி எண்ணெய் மாவில் ஏறிற்று. மீதி வர மறுத்தது. மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் போன் போட்டேன். அந்த நம்பரில் அந்த நிறம் எங்கேயும் இல்லை.

மறுநாள் முத்தையாவை வரச்சொல்லி, கெடாத ஷூவை அவர் கையில் கொடுத்தேன். "இதுக்கும் தேய்ங்க."

"அக்கா, இதுவும் போச்சுன்னா?"

"அன்னைக்கு எந்த எண்ணெய், எம்புட்டு தேய்ச்சீங்களோ, அதே மாதிரி."

நானே தேய்த்திருக்கலாம். ஆனால் அவர் கை அழுத்திய அழுத்தம் என் கைக்குத் தெரியாதே. அவர் தேய்க்கத் தேய்க்க, வலது ஷூவைப் பக்கத்தில் பிடித்து நிறம் ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி மாவு, மறுபடி ஓர் இரவு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் மாவைத் தட்டி, பிரஷ்ஷால் இழைகளை எழுப்பிவிட்டு, இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் வைத்தோம். இரண்டும் ஒரே கருப்பட்டி நிறம். முத்தையா அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ரெட்டப்புள்ளையாட்டம் இருக்குக்கா!"

மாப்பிள்ளை கேட்காதது

ஆனாலும் மாப்பிள்ளை ஆசைப்பட்டது தேன் நிறத்தை அல்லவா? பார்த்து என்ன சொன்னாரோ என்று பத்து நாள் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. பதினோராம் நாள் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் கடைக்கு வந்தார்கள். காலில் அதே ஷூ.

"நெறம் மாறுனத தட்டுலயே பாத்தனுங்கம்மா. மாமா மொகத்தப் பாத்துட்டு ஒண்ணும் கேக்கலீங்க. ஆனா அன்னைக்கு நாள் பூரா நின்னனுங்க, ஒரு எடத்துலயும் கடிக்கலீங்க. என்னங்க பண்ணுனீங்க?"

 நான் பதில் சொல்லுமுன் அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"குனிஞ்சு மோந்து பாருங்க. எங்கப்பா தல வாசம் அடிக்குது."

இப்போதெல்லாம் ஷூ வாங்குகிற ஒவ்வொருவரிடமும் எண்ணெய் ஆகவே ஆகாது என்று மறக்காமல் சொல்கிறேன், கொஞ்சம் பொய் சொல்கிற குரலில்.