உள்பக்கம் சாய்ந்த குட்டி

பந்தயப் பக்கத்தில் எழுதுகிற அந்த மனிதரைக் குதிரை மைதானத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பைனாகுலர் என்றால்தான் தெரியும். கழுத்தில் தொங்குவதை அவர் குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று லாயத்து ஆட்கள் கேலி பேசுவார்கள். பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் கூரியர் கம்பெனியில் பார்சல் எடை போட்டுக்கொண்டிருந்தவர். விடுமுறை நாளில் வேலியோரம் நின்று பார்த்ததையெல்லாம் எழுதி அனுப்பினார். ஆசிரியருக்குப் பிடித்துப்போய், அப்படியே ஒட்டிக்கொண்டார்.

அவருக்கு உயிரே இரண்டு வயதுக் குட்டிகள் ஓடும் குறுந்தூரப் பந்தயம்தான். வளர்ந்த குதிரைக்குப் பழைய ஓட்டங்கள் இருக்கும், அதை வைத்து ஏதாவது சொல்லிவிடலாம். குட்டியிடம் என்ன இருக்கிறது? நடை, பின்தொடையின் திரட்சி, காது திரும்பும் விதம், கூட்டத்தைக் கண்டு வியர்க்கிறதா இல்லையா என்பது. பந்தயம் கிளம்பும் இடத்தில் கூண்டுக் கதவு திறந்ததும் ஒரு நொடி திகைத்து நின்றுவிட்டால் போதும், அப்புறம் எட்டிப் பிடிக்கத் தூரமே இருக்காது.

அந்த வருடத்தின் முதல் குட்டிப் பந்தயத்தில் அவர் மனைவியின் தம்பிக்குச் சவாரி கிடைத்தது. ஒரு காலத்தில் ஓகோவென்று இருந்த ஜாக்கி. கொஞ்ச வருடமாக அவனை யாரும் சீண்டுவதில்லை. இப்போது பெரிய பயிற்சியாளர் ஒருவர் தன் செம்பழுப்புப் பெண்குட்டியை அவனை நம்பிக் கொடுத்திருந்தார். செய்தி வந்ததும் அக்கா வீட்டுக்கு ஓடிவந்தான்.

"பறக்குதுக்கா! இழுத்துப் பிடிக்கிறதுதான் வேலையே. அத்தான்கிட்டச் சொல்லு, பாத்து எழுதச் சொல்லு."

"உங்க அத்தான் பெத்த தாயப் பத்தியே உள்ளதத்தான் எழுதுவாரு. நீ சாப்பிடு முதல்ல" என்றாள் அக்கா.

பந்தயத்துக்குச் சில நாள் முன்பு, காலைப் பயிற்சியைப் பார்க்க அவர் போனார். கணக்கில் எடுக்க வேண்டியவை நான்கே நான்கு. சாம்பல் நிற ஆண்குட்டிக்குப் பின்தொடை பாறை மாதிரி இருந்தது, ஆனால் கதவுக்குள் நுழைய அடம்பிடித்தது. வெள்ளைக் கால் குட்டி கிளம்புவதில் கெட்டி. பாதித் தூரத்திலேயே மூச்சு வாங்கியது. கறுப்புக் குட்டிக்கு எல்லாம் இருந்தும் அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்கிற புத்தி. நாலாவதாக மச்சானின் பெண்குட்டி வந்தது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, மற்ற மூன்றும் இதற்கு உறை போடக் காணாது என்று.

ஆனால் கடைசி நேர்ப்பாதையில் அது உள்பக்கம் சாய்ந்தது. வேலியை உரசுகிற அளவுக்குச் சாய்ந்தது. காலில் கோளாறோ என்று அவர் உற்றுப் பார்த்தார். நான்கு காலும் சுத்தமாக விழுந்தன. பைனாகுலரை மெல்ல மேலே நகர்த்தினார். மச்சானின் வலது முழங்கால் சேணத்தை அணைக்கவே இல்லை. உடம்பின் பாரமெல்லாம் இடது பக்கம், உள்வேலிப் பக்கமாகக் கிடந்தது. குட்டி பாவம், பாரம் இழுத்த பக்கம் போயிற்று.

வீட்டில் அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து ஏறுவது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சோபாவில் வலது காலை நீட்டியே உட்காருவதைத் திமிர் என்று நினைத்திருந்தார்.

மதியம் எழுத உட்கார்ந்தார். சவாரிக்காரன் சரியில்லை என்று எழுதினால் அவன் பிழைப்பு அதோடு முடிந்தது. சாய்வைப் பற்றி எழுதாமலே விட்டால், அங்கே நின்ற மற்றவர்கள் சிரிப்பார்கள். மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவர் கடைசியில் இப்படி எழுதினார்: "பெண்குட்டிக்கு வேகம் உண்டு, நேராக ஓடும் புத்தி இன்னும் வரவில்லை. உள்பக்கம் சாய்கிறது. என் கணிப்பில் நான்காம் இடம்." குதிரையா பேப்பர் படித்துவிட்டுச் சண்டைக்கு வரப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

குதிரை படிக்கவில்லை. பயிற்சியாளர் படித்தார். மறுநாள் காலை, சோதித்துப் பார்க்க வேறொரு ஜாக்கியை ஏற்றினார். குட்டி அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக ஓடியது. கோளாறு யாரிடம் என்று பயிற்சியாளருக்கு விளங்கிவிட்டது. மச்சானைக் கூப்பிட்டு, "நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு" என்று மட்டும் சொன்னார்.

பந்தயத்தன்று பெண்குட்டி சாம்பலையும் கறுப்பையும் வேடிக்கை பார்க்க வைத்துவிட்டு ஜெயித்தது. பத்திரிகைக்காரர்கள் அறையில் ஒருவர், "என்ன பைனாகுலர், கண்ணாடியத் தொடைக்கணும் போலயே!" என்றார். அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். தப்பாகப் பார்த்தவன் என்ற பெயர் அன்றைக்கு அவருக்கு ஒரு போர்வை மாதிரி இருந்தது. அதற்குள் சுருண்டுகொண்டது அவருக்கே அருவருப்பாகவும் இருந்தது.

வீட்டில் மனைவி மருந்துக்கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"வலி மாத்திரை என்கிட்டதாங்க வாங்கிட்டுப் போவான். உங்ககிட்டச் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டான்."

"ஏன்?"

"நீங்க வீட்டுக்குள்ளயும் பேப்பர்காரர்தானே."

ஞாயிற்றுக்கிழமை மச்சானே வந்தான். வழக்கம்போல உள்ளே போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கவில்லை. வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் அத்தான். குட்டி தானா சாயலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்லத்தான் முதலில் வாயெடுத்தார். "தெரியும்" என்றார்.

"என்னாலதான்னும் தெரியும்?"

"தெரியும்டா. உன்னக் காப்பாத்துறதா நெனச்சுத்தான்..."

"பேப்பர்ல காப்பாத்தினீங்களாக்கும்." அவன் சத்தம் போடவில்லை. "வாரா வாரம் இந்த வீட்லதான சாப்புடுறேன். கால் வலிக்குதாடான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தான். நானே கீழ எறங்கியிருப்பேன். எறக்கி விட்டுட்டாங்கன்னு பேரு வந்திருக்காது."

குதிரையின் காதசைவைக் கூட விடாமல் பார்க்கிற கண்ணுக்கு, எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன் தெரியாமல் போயிருந்தான். தெரிந்த பிறகும் அவனிடம் போகாமல் மேசைக்குப் போனோமே என்பதுதான் அவரை அறுத்தது.

அடுத்த வாரம் அவர் பக்கத்தின் உச்சியில் இப்படி ஒரு வரி வந்தது: "செம்பழுப்புப் பெண்குட்டி நேராக ஓடக்கூடியது, நான் எழுதியது தவறு." காரணம் எழுதினால் மச்சான் பெயர் வரும், அதனால் அதை எழுதவில்லை. ஆசிரியர் எதற்கு இந்த வம்பு என்றார். அவர் பிடிவாதமாக நின்றார்.

மருத்துவரிடம் மச்சானை அவரே கூட்டிப் போனார். வலது இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. இனிமேல் சவாரி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வெளியே நடைக்கூடத்தில் அவன் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் தோளில் கை வைத்தார். அவன் தட்டிவிடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

இப்போது குட்டிகளைக் கதவுக்குள் நிற்கப் பழக்கும் வேலையில் இருக்கிறான். அடம்பிடிக்கிற குட்டிகள் அவன் குரலுக்கு அடங்குகின்றன என்று பேச்சு. அக்கா வீட்டுக்கு மறுபடி வருகிறான், சட்டியையும் திறந்து பார்க்கிறான். அத்தான் மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார், "கால் எப்படிடா இருக்கு?"

"ஏன், நாளைக்குப் பேப்பர்ல வரணுமா?"

அக்கா சிரிக்கிறாள், அவனும் சிரிக்கிறான். அவருக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது.