எல்லாருக்கும் காய்ச்சல்

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின், கற்பிட்டி வீதியில் இருந்த ஒரு சிகிச்சை இல்லத்தில் நான் வேலை பார்த்தேன். குடியையும் போதையையும் விட விரும்புகிறவர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். அதற்கு முன் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பெனியில், வருகிற விண்ணப்பங்களில் பிழை பிடிப்பதே என் தொழில். கல்யாணமாகிக் கனமூலைக்கு வந்த பிறகு கணவரிடம் மட்டும் பிழை பிடித்துக்கொண்டிருந்தேன். தாங்க முடியாமல் அவர்தான் என்னை இல்லத்தை நடத்திய ஹாஜியாரிடம் சேர்த்துவிட்டார் என்பது என் சந்தேகம்.

இல்லம் அனுப்பும் காப்புறுதி விண்ணப்பங்கள் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தன. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு பிளேன்டி குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது. நோய் என்ற இடத்தில் ஹாஜியார் எல்லாருக்கும் காய்ச்சல் என்று எழுதியிருந்தார்.

"என்ன ஹாஜியார் இது? காய்ச்சல்காரனை மாசக்கணக்கா வச்சு ஆலோசனை குடுத்தன்டு எழுதினா எவன் காசு தருவான்?"

"மகள், அடுத்தவன்ட குறைய மறைக்கிறது நன்மை. கலியாணத்துக்குக் கொமருப் புள்ள ஈக்கிற மனிசன குடிகாரன்டு நான் எப்படி எழுதுற?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெட்டவரோடு சண்டை பிடித்துவிடலாம், நல்ல மனிதரோடு எப்படிப் பிடிப்பது?

அப்போது அங்கே உப்புக் கம்பெனி லொறிச் சாரதி ஒருவர் தங்கியிருந்தார். கம்பெனி தன் வேலையாட்களுக்கு எடுத்திருந்த காப்புறுதியில் குடியை விடும் சிகிச்சைக்கும் இடமிருந்தது. ஆனால் அவருடைய விண்ணப்பமும் காய்ச்சல் என்றே போய்த் திரும்பி வந்திருந்தது. இந்த முறையும் காசு கிடைக்காவிட்டால் அவர் பாதியில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முன்பும் ஒரு தடவை அப்படிப் போய், அந்தக் கிழமையே குடித்துவிட்டு லொறியை உப்பளத்து வாய்க்காலில் இறக்கியவர் அவர். அன்றைக்கே அவருடைய மனைவி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆலங்குடாவிலுள்ள தன் சகோதரர் வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு கணவர் முகத்தில் விழிக்கவே இல்லை.

சாரதியிடமே கேட்டுவிடுவோம் என்றேன். ஹாஜியார் சங்கடத்தில் கதிரையை மறுபக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சாரதி நனைந்த சாரத்தோடு வந்து நின்றார். காப்புறுதிக்காரர்தான் இதைப் பார்ப்பார்கள், உள்ளதை உள்ளபடி எழுதட்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"மிஸ், நான் ரோட்டுல உழுந்து கெடந்தா கற்பிட்டி பஸ்ஸே ஒதுங்கித்தான் போற. இனி யாருக்கு மறைக்க? எழுதுங்க."

வைத்தியரின் கடிதத்தையும் சிகிச்சை விபரத்தையும் சேர்த்துப் புதிதாக எழுதி அனுப்பினேன். ஹாஜியார் அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. தேநீர் மட்டும் வந்தது, அதுவும் சீனி இல்லாமல்.

காப்புறுதிக்காரர் ஏற்றுக்கொண்டார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சாரதியைக் கூப்பிட்டுக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவர் காசைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"நோய்ன்டா போட்டீக்கி?"

"ஓம், நானா. நோய், மதுவுக்கு அடிமையாதல்."

"திமிர்ன்டு போடல்லயா? எங்கட ஊட்டுல அப்படித்தான் சொல்ற."

கடிதத்தைத் தன் போனில் படமெடுத்து ஆலங்குடாவிலுள்ள மச்சானுக்கு அனுப்பினார். அதை யாரும் பொருட்படுத்துவார்கள் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் நோயில் கிடந்தால் கோபத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். ஆனாலும் எங்கள் இல்லத்துக்கு யாரும் அப்படி வந்ததில்லை. குடிகாரனைப் போய் யார் நோய் பார்ப்பார்கள்?

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு வாசலில் ஒரு திரீவீல் வந்து நின்றது. மச்சான் செவ்விளநீர்க் குலையோடு இறங்கினார். பின்னால் பிள்ளைகள் பிஸ்கட் பெட்டியோடு இறங்கினார்கள். கடைசியாக, முந்திரிகைப் பழப் பையை நெஞ்சோடு அணைத்தபடி மனைவி இறங்கினார். ஏதும் சண்டையோ என்று பதறிய ஹாஜியார் எழுந்து ஓடிப்போய் என்ன விஷயம் என்று கேட்டார்.

"எங்கட மனிசனுக்குச் சொகமில்லயாம்," என்றார் அந்தப் பெண். "நோய் பார்க்க வந்தம்."