சங்கத்து நோட்டின் பின்பக்கம்

வாய்க்கால் கரையில் நாலு மைல் நடந்த பிறகுதான் சங்கத்துக் குடை என் கையிலேயே இருப்பதைக் கவனித்தேன். மழை விட்டிருந்தது. திரும்பிப் போய்க் கொடுக்கப் போவதில்லை. ஆனால் குடையைத் திருடிக்கொண்டு ஓடினான் என்று எழுதி வைப்பார்களே என்பது உறுத்தியது. எழுதி வைப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். மாயவரத்துக்கு நேர்ச்சாலையில் போனால் இரண்டு மைல் மிச்சம். அந்தச் சாலை நான் முகம் பார்க்க விரும்பாத ஒருவரின் ஊர் வழியாகப் போகிறது. அதனால் சுற்றிப் போனேன்.

செங்கல் சூளை, லாரி கிளீனர், கல்யாண வீட்டில் பாத்திரம் தேய்ப்பது என்று சுற்றிவிட்டு, இப்போது விட்டு வந்த ஊரின் நெல் வியாபாரிகள் சங்கத்தில் மூன்று மாதம் பியூனாக இருந்தேன். மாடியில் ஓர் அறை, நீள மேஜை, சுவரில் தலைவர் படம். ஆட்சி மாறியபோது படம் மாறியதாம், ஆணி மாறவில்லை. வெளியூருக்கு அரிசி ஏற்ற ரயில் வேகன் வேண்டுமென்றால் சங்கம்தான் கேட்டு வாங்கித் தரும். இரண்டு மண்டிக்காரர்கள் சண்டை போட்டால் கோர்ட்டுக்குப் போகாமல் அந்த மேஜையிலேயே தீரும். கடைத்தெருவில் சாக்கடை கட்டியது சங்கம் போட்ட மனுவால். இதெல்லாம் உண்மை. சங்கத்தின் பேச்சை மீறியவனுக்கு வேகன் கிடைக்காது என்பதும் உண்மை.

சங்கத்தின் பேச்சு ஒரு நோட்டில் போகும். காரியதரிசி தீர்மானத்தை எழுதித் தருவார். நான் அதைக் கடை கடையாகக் கொண்டுபோக வேண்டும். மண்டிக்காரர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து அவர் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவர். போடாதவர் கட்டுப்பட்டவர் அல்ல. அதனால் எனக்கு வேகமான கால் இருந்தால் போதும், கண் தேவையில்லை என்று நினைத்தார்கள். எனக்கு முன்னால் இருந்த பியூன் நோட்டில் இருந்த விலையை விவசாயிகளிடம் சொன்னதால் வேலை போனவன். ஆகவே காரியதரிசி என்னிடம் முதலில் கேட்டது, படிக்கத் தெரியுமா என்பதுதான். தெரியாது என்றேன். பேப்பரைத் தலைகீழாக நீட்டினார். அப்படியே பிடித்துக்கொண்டு படம் பார்த்தேன். படிப்பு இருக்கிறது என்றால் சர்டிபிகேட் கேட்பார்கள். இல்லை என்பதற்கு யாரும் கேட்பதில்லை. நான் ஐந்தாவது வரை போனவன். நடந்துகொண்டே நோட்டைப் படிப்பேன். பக்கம் புரட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

குறுவை அறுப்பு முடியும் சமயம் ஒரு தீர்மானம் வந்தது. குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்த காலம் அது. கிழக்கே, மாயவரம் சாலையில் இருக்கும் ஓர் ஊரில் சிலர் பதிவு செய்துவிட்டார்கள். மிராசுதார்கள் கொதித்துப் போயிருந்தார்கள். அந்த ஊர்க் குத்தகைக்காரர்களின் நெல்லை மிராசுதாரின் கடிதம் இல்லாமல் எந்த மண்டியும் வாங்கக் கூடாது, காரணம் கேட்டால் ஈரம் என்று சொல்ல வேண்டும் என்று நோட்டில் இருந்தது.

நான் பாதிக் கடைகளில் கையெழுத்து வாங்கியிருந்தபோது, அந்த ஊர்க்காரர் ஒருவர் இரண்டு வண்டி நெல்லோடு டீக்கடை வாசலில் நின்றார். ஐம்பது வயது இருக்கும். சாக்குகளின் கிழிசலில் மஞ்சள் உரப்பைத் துண்டு வைத்துத் தைத்திருந்தார். வானம் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தது. அவர் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். என்னையும் விட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே சூடாக இருந்தது.

"நாளன்னிக்கு முளை விட்டுடும் தம்பி. அப்புறம் மாட்டுக்குத்தான். போற கடையெல்லாம் ஈரம், ஈரம்ங்கறாங்க. ஒருத்தர்கூட கைய விட்டுப் பாக்கல. பாக்காமயே எப்படித் தெரியும்?"

"தெருக்கோடி மண்டிக்குப் போங்கண்ணே. இப்பவே போங்க. நான் அங்க இன்னும் போகல" என்றேன்.

அவர் என் கக்கத்து நோட்டைப் பார்த்தார். "நீ சங்கத்து ஆளுதானே? நீ எதுக்கு எனக்கு வழி சொல்றே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் நடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது வண்டிகள் தெருக்கோடிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன.

அன்று எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தேன். கோடி மண்டிக்கு நான் போனபோது சாயங்காலம். மண்டிக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். வண்டிகள் இல்லை. நெல் போய்விட்டது என்று எனக்கு நிம்மதி.

மறுநாள் காலை காரியதரிசி நோட்டைக் கொடுத்தபோது வழக்கத்துக்கு மாறாக டீ குடித்தாயா என்று கேட்டார். படியிறங்கியதும் படித்தேன். 'இதைக் கொண்டு வருபவனுக்குப் படிக்கத் தெரியும் என்று ஐயம். தாங்கள் படிக்கும்போது அவன் முகத்தைக் கவனித்து, தோன்றுவதைக் கையெழுத்தின் பக்கத்தில் குறிக்கவும்.'

அப்போதே ஓடியிருக்கலாம். ஓடினால் அதுவே பதில். ஆகவே என் மேல் போட்ட சந்தேகத்தை நானே கடை கடையாகச் சுமந்தேன். முதல் கடைக்காரர் என்னை மாடு பிடிக்க வந்தவர் மாதிரி மேலும் கீழும் பார்த்தார். நான் கல்லாவுக்குப் பின்னால் இருந்த காலண்டரில் பிள்ளையாரைப் பார்த்தேன். இரண்டாவது கடையிலும் தப்பித்தேன். மூன்றாவது கடைக்காரர் கிண்டல் பேர்வழி. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, படிப்பது போலவே இழுத்துச் சொன்னார்.

"பியூனுக்குத் தீபாவளிக்கு வேட்டி சட்டை, ரெட்டைச் சம்பளம்னு போட்டிருக்கேடா. அதிர்ஷ்டக்காரன்."

படிக்கத் தெரியாதவன் பல் தெரியச் சிரித்திருப்பான். அப்படி எதுவும் அதில் இல்லை என்று தெரிந்த நான் அரை நிமிடம் சும்மா நின்றேன். பிறகு சிரித்தேன். அந்த அரை நிமிடம் அவருக்குப் போதும். நிதானமாக ஏதோ குறித்துவிட்டு நோட்டைத் தந்தார். "போ, மத்தவங்ககிட்டயும் காட்டு" என்றார்.

மற்றவர்களிடம் போகவில்லை. நேராகக் கோடி மண்டிக்குப் போனேன். நெல் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டாவது கிளம்பலாம் என்று தோன்றியது. மண்டிக்காரர் நான் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"நேத்து நீ அனுப்புன ஆளு வந்தான்."

"நான் யாரையும் அனுப்பலைங்களே மொதலாளி."

"சரி, அனுப்பல. வேற எவன் எடுப்பான் அந்த நெல்ல? பாதி விலைக்குக் குடுத்துட்டு என்னைக் கும்பிட்டுட்டுப் போனான். ராத்திரியே லாரி ஏத்தியாச்சு. நேத்து சாயங்காலம் வரைக்கும் நான் கையெழுத்துப் போடல பாரு. சங்கம் என்னை ஒண்ணும் கேக்க முடியாது."

சொல்லிக்கொண்டே விரலை நாக்கில் தொட்டு நோட்டைப் புரட்டினார். நேற்றைய தீர்மானத்தின் பின்பக்கம் திரும்பியது. நான் இதுவரை பார்க்காத பக்கம். அடியில் இரண்டு வரி இருந்தது. வழிமொழிந்தவர் யாரோ ஒருவர். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் கோடி மண்டிக்காரரின் பெயர்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை நான் காலண்டரைத் தேடவில்லை. காரியதரிசியிடம் என்னைப் பற்றிச் சொன்னதும் இவர்தானா, குத்தகைக்காரர் எப்படியும் இங்கேதான் வந்திருப்பாரா, நான் மெதுவாக நடந்ததற்கெல்லாம் இவருடைய கணக்கில் இடம் இருந்ததா என்று இன்றுவரை தெரியாது. நோட்டை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். மழை பிடித்தது. குடையை விரித்து நடந்தேன்.

மாயவரத்தில் ஒரு சத்திரத்து வாசலில் படுத்துவிட்டு, காலையில் ஊர் எல்லையில் இருந்த அரிசி மில்லில் வேலை கேட்டேன். வெயில் தலைகாட்டியிருந்தது. அது மறைவதற்குள் நெல்லைக் காய வைக்க ஆள் வேண்டுமென்று மேஸ்திரி பறந்துகொண்டிருந்தார். படிக்கத் தெரியுமா, தெரிந்தால் மூட்டைக்கு நம்பர் போடலாம், இரண்டு ரூபாய் கூட வரும் என்றார். தெரியாது என்றேன்.

லாரியிலிருந்து இறக்கி அடுக்கிய மூட்டைகளைப் பிரிக்கச் சொன்னார். நாலாவது மூட்டையில் மஞ்சள் உரப்பைத் துண்டு வைத்துத் தைத்திருந்தது. வாயைப் பிரித்து முழங்கை வரை கையை விட்டேன். சூடு இருந்தது, முளை இல்லை. களத்தில் கொட்டி, பலகையை எடுத்துக்கொண்டு, வெயில் பக்கமாகத் தள்ள ஆரம்பித்தேன்.