ஐயாசாமி வாங்கிய எண்ணெய்ப் பங்கு

தீவின் தலைநகரான போர்ட் லூயியின் துறைமுகத்தில் கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் ஏஜென்சி ஒன்றில் ஐயாசாமி கிளார்க். ஐம்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் அவர் குடியிருந்த டிராங்கெபார் பேட்டையில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கூட வேலை பார்த்த ஃப்ரான்சிஸ் சொன்னது இது: "பொண்ணு பார்க்கப் போனா, இந்த மனுஷன் அவங்க வீட்டுக் கூரைத் தகரம் துருப்பிடிச்சிருக்கான்னு பார்த்துட்டு வருவார்."

சூயஸ் கால்வாய் மூடியதும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து எண்ணெய்க்கு வரிசை கட்டின. மாலுமிகள் போட்டுவிட்டுப் போகும் பழைய லண்டன் பத்திரிகைகளில் ஐயாசாமி பங்கு விலை படித்தார். வாழ்நாள் சேமிப்பை எண்ணெயில் போடுவது என்று முடிவாகிவிட்டது. எந்தக் கம்பெனி என்பதுதான் பாக்கி.

அதைக் காது கொடுத்துக் கேட்க ஒரே ஆள் டைப்பிஸ்ட் ஜோசெட், கிரியோல் விதவை. துறைமுகச் சுவரோரப் பெஞ்சில் வருஷக்கணக்காக இருவரும் ஒன்றாகத்தான் மத்தியானம் சாப்பிட்டார்கள். அவருடைய ஃபராத்தா ரொட்டியில் பாதி அவளுக்கு. ஆபீஸ் இதைப் பேசிப் பேசி அலுத்தே போயிருந்தது.

"ஒண்ணு கிழட்டுக் கம்பெனி. கப்பல், சுத்திகரிப்பு ஆலை எல்லாம் இருக்கு. எல்லாத்தையும் பிரிச்சு வித்தாலே பங்கு விலையைவிடக் கூட வரும். இன்னொண்ணு கடலுக்கு அடியில தோண்டுது. இன்னும் ஒரு சொட்டு வரல. விலை மட்டும் நாலு மடங்கு."

"வந்துட்டா?"

"வரும். வளரும். ஆனா வளரப்போறதுக்கும் சேர்த்து இப்பவே காசு கொடுத்துட்டா, அப்புறம் வளர்ந்து எனக்கு என்ன லாபம்?"

"ஆயோ, மிசே ஐயாசாமி. உங்களுக்கு எதுவும் கையில வந்து விழுந்த பிறகுதான் பிடிக்கும்."

தீவுக்குச் சுதந்திரம் நெருங்க நெருங்க, இனி என்ன ஆகுமோ என்று பயந்தவர்கள் வீட்டை வந்த விலைக்கு விற்றுக் கப்பலேறினார்கள். ஜோசெட்டுக்குப் பெர்த் நகரத்தில் அக்கா இருந்தாள். ஒரு நாள் ஃபராத்தாவைத் தொடாமலே சொன்னாள்: "நான் போறேன். காவடிக்கு மறுநாள் கப்பல். உங்க பணத்துல பங்கும் வாங்கலாம், ஒரு டிக்கெட்டும் வாங்கலாம்."

ஐயாசாமி மணிக்கட்டிலிருந்த மஞ்சள் காப்பைக் காட்டினார்.

"காப்பு கட்டியாச்சு, ஜோசெட். விரதம் முடியற வரைக்கும் நான் எதையும் முடிவு பண்றதில்ல."

அந்த விதி அன்று மத்தியானம் பிறந்தது. முருகனிடம் யாரும் கேட்கவில்லை.

தைப்பூசக் காவடியன்று காலை ஆற்றில் குளித்து, நாக்கில் அலகு குத்தி, உச்சியில் பால்செம்பு வைத்த காவடியோடு ஐயாசாமி நடந்தார். தார் ரோடு கொதித்தது. பாதி வழியில், தேவாலயத்துக்குப் போகும் கவுனும் தொப்பியுமாக ஜோசெட் வந்து பக்கத்தில் நடந்தாள்.

"டிக்கெட் ஏஜென்ட் பன்னிரண்டு மணிக்குக் கடையடைக்கிறான். அப்புறம் இடம் கிடையாது. வர்றீங்களா?"

நாக்கில் வேல். பேச வழியில்லை. தலையை ஆட்டியிருக்கலாம். ஆட்டினால் பால் சிந்தும். சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நேர்த்திக்கடன். அவர் கழுத்தை அசைக்கவில்லை. பாலுக்காகவா, பாலைச் சாக்கு வைத்தா, அது அவருக்கும் முருகனுக்கும் இடையில்.

ஜோசெட் கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். காவடியில் நழுவியிருந்த ஒரு சாமந்தியைச் சொருகிவிட்டாள்.

"சரி, மிசே ஐயாசாமி."

கோவிலில் செம்பைத் திறந்தபோது பால் ஒரு துளி சிந்தவில்லை, திரியவுமில்லை. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அலகை எடுத்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.

மறுநாள் பெர்த் போகும் கப்பலுக்கு எண்ணெய் நிரப்பும் பொறுப்பு அவருடையது. குழாய் துடிக்கத் துடிக்க, மேல்தளத்தில் தொப்பிகள் வரிசையாக நின்றன. எது அவளுடையது என்று தெரியவில்லை. போதுமான எண்ணெய் ஏற்றியாயிற்று என்று கையெழுத்துப் போட்டார். கப்பல் கிளம்பிற்று.

அந்த வாரமே கிழட்டுக் கம்பெனியின் பங்கை வாங்கினார். புதுக்கொடி ஏறிச் சில மாதங்களில் பங்கும் ஏறியது. கடலுக்கடியில் தோண்டியவர்களுக்கும் எண்ணெய் வந்தது; அந்தப் பங்கு இன்னும் வேகமாக ஏறியது. ஃப்ரான்சிஸ் சீண்டிப் பார்த்தான்: "விட்டுட்டீங்களே, மிசே."

"நான் கொடுத்த விலை நியாயமான விலை," என்றார் ஐயாசாமி. அதில் பொய்யில்லை.

மத்தியானம் பெஞ்சில் உட்கார்ந்து புது விலையை வாய்விட்டுப் படித்தார். பிறகு ஃபராத்தாவை இரண்டாகப் பிய்த்துவிட்டு, இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கப்பல் வரும்வரை உட்கார்ந்திருந்தார்.