கடைசி ஓவரும் கமலாக்கா வீட்டுப் படலையும்

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் பிள்ளையார் கமலாக்கா வீட்டு வாசல் படலையடியில் நின்றார். நின்றார் என்றால்... சும்மா நிற்கவில்லை. அசையமாட்டேன் என்று நின்றார்.

வல்வெட்டித்துறையில் எங்கள் பக்கம் இந்தக் கிழமை முழுக்க இதுதான் கதை. மீன் சந்தையில் கதை. பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் கதை. என் கடைக்கு நூல்பந்து வாங்க வந்தவரும், "உங்கடை திருவிழா உபயத்திலை பிள்ளையார் அற்புதம் காட்டினவராமே?" என்று கேட்டார். நான் "ஓம், ஓம்" என்று நூல்பந்தைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஏன் நின்றார் என்று தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர். ஒன்று நான். மற்றது குணம், என் மனிசியின் தம்பி, என் மச்சான். அப்படியென்றால் பேப்பரில் எழுதலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஒழுங்கையில் இந்தப் பத்தியை வாசிக்கிற ஒரே ஆள் நான்தான், அதுவும் எழுத்துப்பிழை பார்க்க. ஆகவே பயமில்லை.

கதை ரீவியில் தொடங்குகிறது. இந்தக் காலத்தில் எந்தக் கதை ரீவியில் தொடங்கவில்லை?

குணத்தின் வீடு எங்களுக்குப் பக்கத்து வளவு. போன மாரியில் விழுந்த மின்னலோடு அவனுடைய ரீவி போய்விட்டது. அன்றிலிருந்து பின்னேரமானால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். ஜன்னலோரக் கதிரை அவனுக்கு. சாய்மனைக் கதிரை எனக்கு. ரிமோட் நடுவில், ஸ்டூலில், பொதுக்காணி மாதிரிக் கிடக்கும். முதலில் மட்ச், பிறகு செய்தி, அதுக்குப் பிறகு தமிழ்நாட்டுச் சனலில் அரசியல் விவாதம்.

அந்த விவாதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு திரையை எட்டுப் பெட்டியாகப் பிரித்து, பெட்டிக்கு ஒருத்தரை இருத்தி, எட்டுப் பேரையும் ஒன்றாகக் கத்த விடுவார்கள். ஒவ்வொருவராகப் பேசுங்கள் என்று நடத்துகிறவரும் சேர்ந்து கத்துவார். முடியும்போது எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் யார் வென்றது என்று மட்டும் தெரிந்திருக்கும்.

மட்ச் முடிந்த பிறகும் அப்படித்தானே? கோட்டுப் போட்ட நாலு பேர் இருந்து, அந்தப் பந்தை அப்படி அடித்திருக்கக் கூடாது, இந்தப் பொடியனை எடுத்திருக்கக் கூடாது என்று பிரித்து மேய்வார்கள். அரசியலை மட்ச் மாதிரிக் காட்டுகிறார்கள், மட்சை அரசியல் மாதிரிக் கதைக்கிறார்கள். சனல் மாறினது தெரியாமலே நான் கனநேரம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் இப்போது சட்டசபைத் தேர்தல் காலம். எனக்கு ஒரு தலைவரைப் பிடிக்கும், குணத்துக்கு மற்றவரை. அவர்கள் இருவருக்கும் எங்கள் இருவரையும் தெரியாது. எங்களுக்கு அங்கே ஒரு வோட்டும் இல்லை. இடையில் கடல்.

எங்கடை மாகாண சபைக்கு எப்போது தேர்தல் என்று கேட்டுப் பாருங்கள், இரண்டு பேரும் முகட்டைப் பார்ப்போம். ஒழுங்கை வளைவில் தெரு லைற் எரியாமல் கிடக்கிறது. அதை நகரசபையில் யாரிடம் போய்ச் சொல்வது என்றும் தெரியாது. ஆனால் கடலுக்கு அங்கால், நாங்கள் ஒருநாளும் கால் வைக்காத ஒரு தொகுதியில், எந்த ஊர் வோட்டு எந்தப் பக்கம் விழும் என்று குணம் விரலை மடித்து மடித்துச் சொல்வான். நான் அவன் மடித்த விரலை நிமிர்த்தி விடுவேன்.

ஒருநாள் அது கொஞ்சம் கூடிப்போனது.

"அத்தான், உங்கடை ஆளுக்கு இந்தமுறை கட்டுப்பணமும் திரும்பி வராது."

"உன்ரை ஆள் எழுதிக் குடுத்ததையே ஒழுங்கா வாசிக்கிறாரில்லை. அதைப் பாரன் முதல்."

"வாசிக்கத் தெரியாதவருக்கே இவ்வளவு சனம். உங்கடை ஆளுக்கு வாசிப்பெல்லாம் திறம்தான். கேக்கத்தான் ஆளில்லை."

நல்ல அடி. அடி வாங்கின மனிசன் என்ன செய்வான்? கையில் கிடைத்ததை எடுத்து எறிவான். என் வாயில் கிடைத்தது இதுதான்:

"என்ரை ரீவியைப் பாத்துக்கொண்டு எனக்கே கதை சொல்லுறியோ?"

எட்டுப் பெட்டியும் கத்திக்கொண்டுதான் இருந்தது. குணம் எழும்பினான். செருப்பைக் கொழுவினான். குசினிப் பக்கம் பார்த்து "அக்கா, வாறன்" என்றான். எனக்குச் சொல்லவில்லை. இரண்டு தேத்தண்ணியோடு வந்த மனிசி வெறுங்கதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இரண்டு தேத்தண்ணியையும் திருப்பிக் கொண்டுபோய்விட்டாள்.

பிறகு அவன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. ரிமோட் முழுக்க எனக்கே. சுதந்திரம் என்று நினைத்தேன்... தனிய மட்ச் பார்த்திருக்கிறீர்களா? ஒருநாள் எல்லைக்கோட்டில் ஒருத்தன் பறந்து ஒரு பிடி பிடித்தான். "பாத்தியே குணம்" என்று திரும்பினேன். அவன் கதிரையில் பூனை படுத்திருந்தது. அது கண்ணைத் திறக்கவும் இல்லை. ரீவியை நிறுத்திவிட்டு முற்றத்துக்குப் போனேன்.

இது இரண்டு கதிரைக்குள் நடந்த பிரச்சினை என்று விட்டிருக்கலாம். ஆனால் பிள்ளையாரும் இதுக்குள் வந்துவிட்டார்.

எங்கள் கோவில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். அன்றைய பூசை, பூ, மேளம், பிரசாதம் எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. எங்கள் நாள் மாமா விட்டுப்போனது, மனிசிக்கும் குணத்துக்கும் சேர்த்து. அன்று பின்னேரம் பிள்ளையார் எலி வாகனத்தில் ஒழுங்கை சுற்றி வருவார். வாகனத்தைத் தாங்கிற இரண்டு நீளமரத்தில் இடது முன்நுனி என் தோளில், வலது முன்நுனி குணத்தின் தோளில். நான் கலியாணம் செய்து வந்ததிலிருந்து அப்படித்தான். இதில் பக்தியோடு உயரமும் சேர்ந்திருக்கிறது. ஒழுங்கையில் எங்கள் இருவருக்கும்தான் தோள் ஒரே மட்டம். வேறு ஆர் பிடித்தாலும் சுவாமி ஒருபக்கம் சரிவார்.

"தம்பி வராட்டி வலப்பக்கம் ஆர்?" என்று மனிசி கேட்டாள்.

"ஆரையும் பிடிப்பம்."

"அப்பான்ரை உபயத்திலை பிள்ளையார் சரிஞ்சு போறதை நான் பாக்கோணுமோ?"

"அப்ப நீ போய்க் கூப்பிடன்."

"நான் ஏன் கூப்பிட? ரீவி என்ரையில்லையே."

உபயத்தன்று விடிய கோவிலில் பிள்ளையாருக்கு முன்னால் நின்றேன். 'அப்பனே, நான் அவனிட்டைப் போகமாட்டன், வெக்கமாய் இருக்கு. நீயே கூட்டிக்கொண்டு வா' என்று கேட்டேன். எங்கள் சண்டைக்குக்கூட அவரையே தூது விடுகிற சனம் நாங்கள். அவரும் கோபிக்கிறதில்லை.

பின்னேரம் வாகனத்தைத் தூக்கிற நேரம் பார்த்தேன். வலது முன்நுனியில் குணம். வேட்டி, இடுப்பில் சால்வை, நெற்றியில் விபூதி. நேரே பார்த்துக்கொண்டு நின்றான். வந்துவிட்டான். கதைக்கத்தான் இல்லை.

அதுதான் பிரச்சினையாய்ப் போனது. முன்னுக்குத் தோளில் காவுகிற இரண்டு பேரும் வாய்க்குள் கதைத்துக்கொண்டே நடக்க வேண்டும். 'பள்ளம் கிடங்கு வருது', 'மெல்ல', 'இப்ப இடக்கால்' என்று. நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பூட்டிக்கொண்டு நடந்தோம். நான் காலை வைக்க அவன் எடுக்க, அவன் வைக்க நான் எடுக்க, பிள்ளையார் இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம்.

கோவில் மனேச்சர் பின்னாலிருந்து சத்தம் போட்டார்: "என்னடாப்பா, சுவாமி வள்ளத்திலையே போறார்? ஒழுங்கா நடவுங்கோ."

பெண்கள் பக்கம் சிரிப்புக் கேட்டது. மனிசி சிரிக்கவில்லை. கும்பிட்ட கையோடு என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்படியே ஆடி ஆடி வளைவுக்கு வந்தோம். லைற் எரியாத அந்த வளைவுதான். அங்கேதான் கமலாக்கா வீடு. படலையில் நிறைகுடம், குத்துவிளக்கு, பக்கத்தில் கமலாக்கா. அவளுடைய மனிசன் தவராசா அண்ணை படலைக்கு வரவில்லை. கப்பலில் உலகமெல்லாம் சுற்றிய ஆள். போன வருசம் கிணற்றடியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். முறிவு பொருந்திவிட்டது, நடக்கச் சொல்லி டொக்டர் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். ஆனால் மனிசன் விழுந்திடுவன் என்ற பயத்தில் ரீவிக்கு முன்னால் போட்ட கதிரையை விட்டு அசையவில்லை. கமலாக்கா அழுதும் பார்த்தாள், பேசியும் பார்த்தாள்.

காதும் அவருக்குக் கொஞ்சம் மந்தம். அதனால் ரீவி முழுச் சத்தத்தில் போய்க்கொண்டிருந்தது. குருக்கள் கற்பூரம் கொளுத்தினார். மேளக்காரர் ஒரு உருப்படியை முடித்து மூச்சு வாங்கினார்கள். அந்த இடைவெளியில் ஜன்னல் வழியாக வந்தது வர்ணனையாளரின் குரல்... சென்னை அணி, கடைசி ஓவர், பதினொரு ஓட்டம் வேண்டும்.

என் கால் நின்றது. குணத்தின் காலும் நின்றது. அன்று முதல்முறையாக இரண்டு பேரின் காலும் ஒன்றாக.

கற்பூரம் காட்டி முடிந்தது. நாங்கள் நடக்கவில்லை.

"ஆர் போடுறான்?" குணம் நேரே பார்த்தபடி கேட்டான். யாரைக் கேட்கிறான்? பிள்ளையாரையோ?

"விளங்கேல்லை," என்றேன் நானும் நேரே பார்த்தபடி.

"ரெண்டு விக்கெட்தான் கிடக்கு, அத்தான்."

அத்தான் என்றுவிட்டான். என் தோளில் அவ்வளவு பாரம் இருந்தும் பாரமே தெரியவில்லை.

பின்மரத்தில் நின்றவர் கேட்டார்: "அண்ணை, ஏன் நிக்கிறியள்? நடவுங்கோவன்."

"பொறுங்கோ. சுவாமி நிக்கட்டும்," என்றான் குணம்.

"ஏனாம் நிக்கிது?" மனேச்சரின் குரல்.

யாரோ ஒரு பெண் சொன்னாள்: "தூக்கிறவை என்ன செய்யிறது? பிள்ளையார் அசையிறாரில்லைப் போலை."

அவ்வளவுதான். அரோகரா என்று எழும்பின சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அதே நேரம் ரீவிக்குள்ளும் சனம் கத்தியது. ஆறோ? விக்கெட்டோ? இந்த அரோகராவில் எதைக் கண்டுபிடிக்கிறது? குணம் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. மேலே பிள்ளையார், கீழே நாங்கள் குலுங்குகிறோம். சனத்துக்கு அதுவும் அருளாகத் தெரிந்திருக்கிறது.

அப்போதுதான் கமலாக்கா "ஐயோ, இஞ்சை பாருங்கோவன்" என்றாள்.

வாசலில் தவராசா அண்ணை. ஒரு கை கதவு நிலையில், ஒரு கை தடியில். படியிறங்கினார். நின்றார். மூச்சு வாங்கினார். பிறகு ஒரு அடி, இன்னொரு அடி. பிடிக்கப்போன கமலாக்காவை வேண்டாம் என்று கையைக் காட்டினார். இப்போது நானும் குணமும் மட்சுக்காக நிற்கவில்லை. சத்தியமாக. அவர் வந்து சேரும்வரைக்கும் இந்த மரத்தைத் தோளில் இருந்து அசைக்கக் கூடாது என்று நின்றோம். மூச்சைக்கூட மெதுவாக விட்டோம். சுவாமி ஒரு துளியும் சரியவில்லை.

படலைக்கு வந்து தடியைக் கமலாக்காவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். கண்ணால் தண்ணீர் ஓடியது. "நான் வாறவரைக்கும் நிண்டியே அப்பு," என்றார். கமலாக்கா அழுகிறாள். மனேச்சர் சால்வையால் முகத்தைத் துடைக்கிறார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கையில்லை.

மேளம் தொடங்கியது. நகர வேண்டும். போகிற போக்கில் குணம் தலையைச் சரித்து மெல்லக் கேட்டான்:

"அண்ணை, கடைசியிலை என்ன மாதிரி?"

"எது தம்பி?"

"மட்ச்."

தவராசா அண்ணை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பிள்ளையார் வந்து வாசல்லை நிக்கேக்கை ஆரடா மட்ச் பாப்பான்?"

நாங்கள் இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். "கிடங்கு வருது அத்தான்." "ஓம், கண்டனான்." கோவில் வாசல் வரைக்கும் பிள்ளையார் தொட்டிலில் போகிற மாதிரிப் போனார்.

எல்லாம் முடிய வீட்டுக்கு வந்தோம். குணம் படலையில் நின்று செருப்பால் மண்ணைக் கிளறினான். "வாவன்ரா. எங்கடை ரீவியிலை திருப்பிப் போடுவான், பாப்பம்," என்றேன். பூனையைத் தூக்கி இறக்கிவிட்டு அவன் கதிரையில் இருந்தான். சென்னை தோற்றுப்போயிருந்தது. இவ்வளவு சந்தோசமாக ஒரு தோல்வியை நான் பார்த்ததில்லை. தேத்தண்ணி இரண்டு வந்தது, சீனி தாராளமாக.

தவராசா அண்ணை இப்போது ஒவ்வொரு பின்னேரமும் படலை வரைக்கும் நடக்கிறார். கமலாக்கா உபயகாரருக்கு என்று ஒரு பெட்டி மோதகம் அவித்துக் கொண்டுவந்து தந்தாள். உண்மையைச் சொல்லுவோமா என்று குணம் கண்ணால் கேட்டான். என்னத்தைச் சொல்வது? நிறுத்தியது நாங்கள் என்றா? மட்சை அந்த ஓவருக்கு இழுத்தது ஆர்? மேளத்தை அந்த இடத்தில் ஓய வைத்தது ஆர்? நாங்கள் சும்மா தோள் கொடுத்த ஆட்கள். மோதகம் நல்ல ருசி.

இனித் தேர்தல் முடிவு வரவேண்டும். குணம் திரும்பவும் விரல் மடிக்கத் தொடங்கிவிட்டான். அதைக் கண்ட மனிசி ஒரு வார்த்தையும் கதைக்காமல் ரிமோட்டைக் கொண்டுபோய்ச் சாமியறையில் வைத்துவிட்டாள்... இப்போது பிள்ளையார் பார்க்கிற சனலைத்தான் நாங்களும் பார்க்கிறோம்.