செண்டி வேர் தேடிப் போன குபால் கொடி

குபால் பழம் செண்டிக்கு ஒத்துக்கொள்ளாது. ஒன்றைத் தின்றாலும் உதடு வீங்கிவிடும். ஆனால் எங்கள் ஆற்றங்கரைக் காட்டில் எந்தக் குபால் கொடி எந்த மரத்தில் ஏறியிருக்கிறது, எது பழுத்துவிட்டது, எதில் குரங்கு முந்திக்கொண்டது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ஐம்பதைத் தாண்டிய பிறகும் மரமேறினாள். கூடை நிறைய மஞ்சள் பழங்களோடு வந்து, ஊரே ஒரே கூரையின்கீழ் அறை அறையாக வாழும் எங்கள் நீள்வீட்டின் பொதுக்கூடத்தில் பாய்மேல் கொட்டி, எல்லாரையும் கூப்பிட்டுத் தின்னச் சொல்வாள்.

வெளியூர்க்காரர்கள் இதைத் தாராள குணம் என்பார்கள். எங்களுக்கு வேறு அபிப்பிராயம். குபால் தோலில் கசியும் பால், உதட்டில் பசைபோல ஒட்டிக்கொள்ளும். தின்றவர்கள் எண்ணெயும் உப்பும் தேய்த்து அதோடு மல்லுக்கட்டும் நேரம்தான் செண்டி ஊர்ச் செய்திகளைச் சொல்லும் நேரம். குறுக்கே பேச யாராலும் முடியாது.

"பழம் குடுக்கிற சாக்குல எங்க வாயைக் கட்டிடுறா" என்பான் பக்கத்து அறைக்காரன் உஞ்சாட். சொல்லிவிட்டு இன்னொன்றை எடுப்பான்.

அந்த உஞ்சாட்டுக்குப் புதிதாகப் படகு செய்யும் ஆசை வந்தது. ஓடைக்கு அப்பால், தன் நிலத்தில் நின்ற பெரிய மரத்தை வெட்டப்போவதாகச் சொன்னான். நடந்துபோகும் தூரத்தில் மிஞ்சியிருந்த ஒரே குபால் கொடி அந்த மரத்தின் உச்சியில்தான் காய்த்துத் தொங்கியது. மற்றவையெல்லாம் மலைநெல்லுக்குக் காடு வெட்டியபோதே போய்விட்டன. மரம் விழுந்தால் செண்டியின் கூடைக்கு வேலையில்லை. கூடை இல்லாமல் அவள் பேச்சை எத்தனை பேர் உட்கார்ந்து கேட்பார்கள் என்பது அவளுக்கே தெரியும்.

"மரம் என்னோடது, லிம்பிங் அம்மா" என்றான், எங்கள் வழக்கப்படி செண்டியை அவள் பிள்ளையின் பெயரால் அழைத்து.

"கொடி என்னோடது. வேரு ஓடைக்கு இந்தப் பக்கம், என் நெலத்துல இருக்கு."

"வேரை நீ பாத்தியா?"

"நீ பாத்தியா?"

இருவருமே பார்த்ததில்லை. வேர் யார் மண்ணில் இருக்கிறதோ அவருக்குத்தான் கொடி. அடுத்தவர் கொடி ஏறிய மரத்தை வெட்டுவதும் தப்பு. இது எங்கள் வழக்கம். நீள்வீட்டுத் தலைவர் மெர்டான் இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "போய்ப் பாத்துட்டு வாங்க. ரெண்டு பேரும் சேந்தே போங்க. ஒருத்தர் மட்டும் போனா, வேரு அவர் நெலத்துக்கு நடந்து வந்துடும்."

காலையில் கிளம்பினார்கள். தொடை பருமனுள்ள கொடி, மரத்திலிருந்து இறங்கி ஓடையைத் தாண்டிச் செண்டியின் நிலத்துக்குள் போனது. அவள் முகம் மலர்ந்தது. அங்கே சற்றுத் தரையில் படுத்துவிட்டு, வேறொரு மரமேறி, மறுபடி ஓடையைத் தாண்டியது. இப்போது உஞ்சாட் சிரித்தான். அவன் நிலத்திலும் அது நிற்கவில்லை.

"இது கொடியா, இல்ல நீ சொல்ற கதையா? முடிவே வரமாட்டேங்குதே!"

"பேசாம நட. அந்தா, மேட்டுல ஏறுது பாரு."

மேட்டில், மூங்கில் புதருக்குள் கொடி மண்ணில் இறங்கியிருந்தது. வேருக்குப் பக்கத்தில் அடி உடைத்த ஒரு பெரிய சாடி. சுற்றிலும் பீங்கான் தட்டுச் சில்லுகள். இருவரும் அப்படியே நின்றார்கள். இறந்தவர்களுக்குக் கொடுத்தனுப்பும் பொருளை நாங்கள் உடைத்துத்தான் வைப்போம். இங்கே உடைந்தது அங்கே முழுசாக இருக்கும். யாருக்கும் நினைவில்லாத பழைய இடுகாடு அது. இடுகாட்டில் முளைத்தது இறந்தவர்களுக்குச் சொந்தம். உயிரோடிருப்பவர்கள் அதில் ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது, பறித்தால் சாவு தேடி வரும் என்பார்கள்.

"இத்தனை வருஷமா செத்தவங்க சொத்தைத் தின்னிருக்கோம்" என்றான் உஞ்சாட்.

"தின்னது நீங்க. நான் தின்னல."

"பறிச்சது யாரு?"

வெட்டுக்கத்தியை உறையில் போட்டுவிட்டு, அவனே ஒரு வழி சொன்னான்: "நீ ஒண்ணும் பாக்கல, நானும் பாக்கல. வேரு உன் நெலத்துலன்னு சொல்லிடுவோம். மரத்தை நான் தொடமாட்டேன், எனக்கு உசுரு மேல ஆசை இருக்கு. பழத்தை நீ பறிச்சுக்கோ. ஆனா வாயத் தொறக்கக் கூடாது, தெரிஞ்சா தின்னவங்க எல்லாரும் நம்ம மேல பாய்வாங்க."

செண்டி கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. சத்தியமும் செய்துகொடுத்தாள்.

அன்று சாயங்காலம் கூடத்தில் பெண்கள் பாய் முடைந்துகொண்டிருந்தார்கள். செண்டியும் ஓலையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அவள் வாழ்நாளிலேயே இவ்வளவு பெரிய செய்தி கிடைத்ததில்லை. சொன்னால் கொடி போய்விடும். "என்ன, உடம்பு சரியில்லையா? இவ்வளவு நேரமா சும்மா இருக்க?" என்று ஒருத்தி கேட்டாள். அவ்வளவுதான். ஓடையிலிருந்து சாடிவரை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

கூடம் கொந்தளித்தது. தின்றவர்களில் பாதிப்பேர் வயிற்றைத் தடவிப் பார்த்தார்கள். மெர்டான் தீர்ப்புச் சொன்னார்: கோழி அறுத்து மன்னிப்புக் கேட்பது, ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரையும் ஜெபிக்கச் சொல்வது, இறந்தவர்களுக்கும் கர்த்தருக்கும் மனத்தாங்கல் வேண்டாம். மரத்தை வெட்டக் கூடாது. பழத்தைப் பறிக்கவும் கூடாது.

உஞ்சாட் எழுந்து அவளருகே வந்தான். "கைக்கு வந்ததை வாயாலேயே தொலைச்சிட்டியே."

"அதை விடு" என்றாள் செண்டி. ஓலையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "அவ்வளவு பெரிய சாடி யாருக்கு வச்சிருப்பாங்க? உன் தாத்தாவுக்குத் தாத்தா அந்த மேட்டுப் பக்கம்தான் இருந்தாருன்னு சொல்வாங்களா?"