டீச்சர் வீட்டு கேட் ஏன் இழுக்கிறது

வெல்டரைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு. கேட் மாட்டும்போதே கீலில் ஒரு கோணலை வைத்துவிட்டுப் போவாராம். ஆறே மாதத்தில் கேட் தரையில் இழுக்குமாம். மறுபடி அவரைத்தான் கூப்பிட வேண்டுமாம். சொன்னவர் சலூன்காரர். அவருக்குச் சொன்னவர் பால்காரர். பால்காரரைக் கேட்டால், "ஊரே சொல்லுது" என்றார். ஊர் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு ஆள்தான். விசாரித்தால் அகப்படுவார்.

வெல்டருக்கு ஐம்பது வயது. முன்கை முழுக்கப் பொறி பட்ட புள்ளிகள். இருபது வருடமாக அவர் மாட்டிய கேட்டுகளை ஒரு விரலால் தள்ளலாம், டீச்சர் வீட்டுத் தோட்டத்து கேட்டைத் தவிர. அதை உதைத்துத்தான் திறக்க வேண்டும். இரண்டு தடவை வந்து, அதன் கீழ் மூலையைத் தேய்த்துக் கொடுத்தார். இரண்டு தடவையும் காசு வாங்கவில்லை. ஏமாற்றிப் பிழைக்கிறவரின் லட்சணம் அது.

மூன்றாம் தடவை டீச்சரின் குரலே வேறு மாதிரி இருந்தது.

"ஏம்ப்பா, எங்க பள்ளிக்கூட மைதானத்துக்குப் பெரிய கேட் போடப் போறாங்க. உன் பேரைச் சொல்லலாம்னு இருந்தேன். தெருவுல என்னென்னவோ பேசிக்கிறாங்களே?"

வெல்டர் ஒரு நூலில் நட்டைக் கட்டி, தூணின் உச்சியிலிருந்து தொங்கவிட்டார். மேலே ஒட்டியிருந்த நூல் அடியில் இரண்டு விரல் விலகி நின்றது. கடப்பாரையால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். ஒரு முழத்திலேயே அஸ்திவாரம் முடிந்துபோயிருந்தது. கேட்டில் குற்றமில்லை, தூண்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. அதைக் கட்டிய கொத்தனார், வெல்டர் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்.

"நாளைக்கு வந்து சரி பண்ணிடறேன் டீச்சர்" என்று கிளம்பிவிட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி பரிமாறுவதை நிறுத்தினாள்.

"டீச்சர் வீட்டுல மாடி கட்டப் போறாங்க. அண்ணனுக்குத்தான் வேலைன்னு பேசி முடிச்சாச்சு. வாயை வெச்சுக் கெடுத்துடாதீங்க."

"வாயை மூடிட்டு இருந்தா என் பேரு கெடுது."

"உங்களுக்கு இன்னும் நூறு கேட் வரும். எனக்கு இருக்கறது ஒரு அண்ணன்."

வெல்டர் பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் கொத்தனார் டீச்சர் வீட்டில்தான் நின்றிருந்தார், கையில் டேப்பும் டீச்சர் கொடுத்த காபியுமாக.

"என்ன மாப்ள, இன்னும் இந்தக் கேட்டோட மல்லுக்கட்டு தீரலையா? நான்கூட பால்காரர்கிட்ட தமாஷா சொன்னேன், எங்க மாப்ளைக்கு நேரா மாட்டத் தெரியாம இல்லை, நேரா மாட்டினா பொழப்பு ஓடாதேன்னு!"

ஊர் அகப்பட்டுவிட்டது. தானே சொல்லித் தானே சிரித்துக்கொண்டிருந்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. முந்தின நாள் நூல் தொங்கியதைப் பார்த்தவர் அவர். "நேராச் சொல்லுப்பா. தப்பு கேட்லயா, தூண்லயா?"

கொத்தனாரின் சிரிப்பு பாதியில் நின்றது.

வெல்டர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டார். "கீல்லதான் டீச்சர். என் தப்புதான்."

தூண் சாய்ந்த அளவுக்குக் கீழ்க்கீலுக்குப் பின்னால் தகடு கொடுத்துப் பற்றவைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கீலில் ஒரு கோணலை வைத்தார். கேட் ஒரு விரலுக்குத் திறந்தது. தூண் இன்னும் சாயும். ஆறு மாதத்தில் மறுபடி இழுக்கும். தெருப்பேச்சு அன்றைக்குத்தான் உண்மையானது.

பள்ளிக்கூடத்து கேட் வேறு பட்டறைக்குப் போயிற்று. மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. அது எந்தப் பக்கம் சாயும் என்று ஊர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாமான்களைக் கட்டும்போது வெல்டர் ஒன்றுதான் கேட்டார். "மச்சான், இந்தத் தூணைக் கட்டறப்ப நேர் பாக்கறதுக்கு என் தூக்குக்குண்டை வாங்கிட்டுப் போனீங்களே?"

"அது எங்க போயிடப் போகுது மாப்ள? தரேன்."

லேத் பட்டறையில் சொல்லிக் கடைந்து வாங்கிய பித்தளைக் குண்டு. வெல்டர் இன்னும் நூலில் நட்டைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்.